46 பரிசு, 30 பண உறை: பாடாங் செராயில் ஒரு தீபாவளிக் கட்டு வேலை

கெடா மாநிலம் கூலிம் மாவட்டத்தில் இருக்கும் பாடாங் செராய் தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த டவுன். விக்டோரியா, ஹென்றியேட்டா என்று தோட்டத்தின் பெயரையே தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் அங்கே உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். தீபாவளிப் பலகாரம் வீடு வீடாகப் போகும் வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. பலகாரத்தோடு சேர்ந்து போகும் பளபளத் தாளும் பிளாஸ்டிக் ரிப்பனும்தான் இடையில் வந்து ஒட்டிக்கொண்டவை.

இங்கே ஆராய்வது, அப்படியொரு டவுனில் ஒரு கூட்டுக் குடும்பம் ஒரு தீபாவளிக்குக் கட்ட வேண்டிய பரிசுகளை. எந்தத் தனி வீட்டின் கணக்கும் இதில் இல்லை. பல வீடுகளில் வழக்கமாக வரும் உருப்படிகளைச் சேர்த்து அமைத்த மாதிரிப் பட்டியல் இது: அண்டை அயலுக்குப் பலகாரப் போத்தல் 24, உறவினருக்குப் புதுத்துணி 10, டம்ளர் செட், எவர்சில்வர் டப்பா, விளக்கு என்று பெட்டிச் சாமான் 8, ஹேம்பர் கூடை 4. ஆக 46. இவை போகப் பிள்ளைகளுக்குப் பண உறை 30. கீழே வரும் துணி, தாள் அளவுகளை அளவு நாடாவை வைத்து யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எந்தப் பொருளால் கட்டுவது என்று முடிவெடுக்க இரண்டு கேள்விகள் போதும். உள்ளே இருப்பது என்ன செய்யும்: எண்ணெய் விடுமா, ஈரம் இழுக்குமா, கனமா? கட்டை அவிழ்த்த மறுநாள் அந்தத் தாளும் துணியும் எங்கே போகும்? 'இயற்கையானது' என்று கடையில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்து வாங்கினால் இரண்டில் ஒன்றில் நிச்சயம் இடறும்.

மறுநாள்

கெடா, 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில் ஒன்று. அந்தச் சட்டத்தின் கீழ் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம். 2016 ஜூன் 1 முதல் அபராதமும் உண்டு. பக்கத்து மாநிலமான பேராக் இந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. ஆகவே சுங்கை சிப்புட்டில் இருக்கும் அத்தை வீட்டு வழக்கத்தைப் பார்த்து இங்கே நடந்துகொள்ள முடியாது.

பிரிக்கும்போதுதான் பரிசுத்தாளின் குட்டு வெளிப்படும். கசக்கிப் பாருங்கள். பந்தாகக் கசக்கிக் கையை விட்டதும் அப்படியே இருந்தால் அது தாள். மெல்ல விரிந்து எழுந்தால் அது பிளாஸ்டிக் படலம், அல்லது பிளாஸ்டிக் பூசிய தாள். வெள்ளி, தங்க மினுக்கு உள்ளவை பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும். கிளிட்டர் தூவிய தாள் கசங்கியே இருந்தாலும் தேறாது. அந்தத் துகள் அலுமினியம் பூசிய பிளாஸ்டிக், உதிர்ந்து பலகாரத்திலும் ஒட்டும். 'சூராட் காபார் லாமா' (பழைய செய்தித்தாள்) என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லாரிக்காரருக்கு வேண்டியது செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும்தான், இதை அவர் எடுக்க மாட்டார். ஹேம்பரைச் சுற்றும் 'கண்ணாடித் தாள்' ஒரு காலத்தில் மரக்கூழில் செய்தது. இன்று கடையில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். சுருட்டி விடும் ரிப்பனும் அதே இனம்.

வீட்டுக்குப் பின்னால் குவித்துக் கொளுத்துவது தோட்டப்புறத்துப் பழைய பழக்கம். திறந்தவெளி எரிப்பை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பிவிசி படலம் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், டயாக்சினும் உண்டாகலாம். பக்கத்துக் கொடியில்தான் தீபாவளிப் புதுத்துணி காயும்.

பலகாரப் போத்தல் 24

பட்டியலில் கடினமானது இதுதான். முறுக்கு, அச்சு முறுக்கு, ஓமப்பொடி எல்லாம் ஈரக்காற்றுப் பட்டால் நமுத்துப் போகும். தீபாவளி வருவது அக்டோபர், நவம்பரில். மேற்குக் கரையில் அது பருவக்காற்று மாறும் சமயம், மாலையானால் இடியும் மழையும். இந்தக் காற்றில் தாள், துணி, இலை எதுவும் முறுக்கைக் காப்பாற்றாது. காற்றுப் புகாத போத்தல் உள்ளே கட்டாயம் வேண்டும். சுற்றுக்கட்டில் மட்டும்தான் நாம் விளையாடலாம்.

புதுப் போத்தல் வாங்கும் முன் வீட்டில் தேடுங்கள். ஹார்லிக்ஸ், காப்பித்தூள் கண்ணாடிப் போத்தல்கள், போன ஆண்டு வந்த சிவப்பு மூடி பிளாஸ்டிக் போத்தல்கள், பிஸ்கட் டின்கள் என்று கிடைக்கும். லேபிள் பசை போகச் சமையல் எண்ணெயையும் சமையல் சோடாவையும் சம அளவு குழைத்துப் பூசி, அரை மணி ஊறவைத்துத் தேய்க்கலாம். கண்ணாடிக்குச் சுடுதண்ணீர் தாராளமாக ஊற்றலாம், படிப்படியாகச் சூடேற்ற வேண்டும். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்ட பிளாஸ்டிக் போத்தலுக்குக் கை பொறுக்கும் சூடுதான், கொதிநீர் பட்டால் கோணி மூடி பொருந்தாமல் போகும். ஊறுகாய் இருந்த போத்தலை விட்டுவிடுங்கள். கண்ணாடியில் வாசம் போனாலும் மூடியின் உட்பட்டையில் போகாது. கழுவியதும் மூடி தனியே, போத்தல் தனியே கவிழ்த்து ஒரு முழு நாள் காய வேண்டும். ஒரு சொட்டு ஈரம் உள்ளே தங்கினால் மூன்றாம் நாள் முறுக்கு ரப்பர்தான்.

பலகாரம் முழுக்க ஆறிய பின் நிரப்புங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது மூடினால் மூடியின் உள்ளே ஆவி படிந்து சொட்டும். பலர் 'எண்ணெய் சரியில்லை' என்று கடைக்காரரைத் திட்டுவது இதற்குத்தான். செய்தித்தாளில் பரப்பி ஆறவைப்பதும் வேண்டாம். சூடான எண்ணெய் அச்சு மையைக் கரைத்துப் பலகாரத்தில் ஏற்றும். தட்டிலோ துவைத்த வெள்ளைத் துணியிலோ பரப்பலாம்.

பெட்டியோ டின்னோ எடுக்கும்போது அது எதற்கு இருந்தது என்றும் பார்க்க வேண்டும். மலாய் அண்டை வீட்டுக்குப் போகும் பலகாரத்தைப் பீர் அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு போவது நல்ல எண்ணத்தோடு செய்யும் பெரிய சங்கடம். ஹலால் இல்லாத உணவு இருந்த டின்னும் அப்படித்தான். அந்த வீடுகளுக்குப் புதுப் போத்தலையே ஒதுக்கிவிடலாம். அங்கே சிக்கனம் பார்க்க வேண்டியதில்லை.

இரண்டு சேலைக் கணக்கு

போத்தலைச் சுற்றச் சிறந்தது துணி. அவிழ்த்தால் துடைக்கும் துணியாகும், அடுத்த பரிசுக்குக் கட்டும் துணியாகும், மழையில் நனைந்தாலும் கிழியாது. ஜப்பானியர்கள் இதற்கு ஃபுரோஷிகி என்று பெயர் வைத்துப் பலவகைக் கட்டுகளைப் பழக்கத்தில் வைத்திருக்கிறார்கள். நம் மூட்டைக்கும் அதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை, அவர்கள் முடிச்சைக் கவனித்தார்கள், அவ்வளவுதான்.

முதலில் எவ்வளவு துணி என்று பார்ப்போம். போத்தலைத் துணியின் நடுவில் வைத்து நான்கு மூலையையும் மேலே கூட்டிக் கட்டுகிறோம். துணியின் நடுவிலிருந்து மூலை வரை உள்ள தூரம் = போத்தலின் விட்டம் + உயரம் + முடிச்சுக்கு வால். மெல்லிய பருத்திக்கு வால் 12 செ.மீ., தடித்த துணிக்கு 16. விட்டம் 11, உயரம் 14 உள்ள போத்தலுக்கு 11 + 14 + 12 = 37 செ.மீ. பக்கம் 53 செ.மீ. உள்ள சதுரத்தில் அந்தத் தூரம் 37.5 வரும். விளிம்பு மடித்துத் தைக்க 2 செ.மீ. சேர்த்தால் வெட்டும் அளவு 55. பெரிய போத்தலாக, விட்டம் 13, உயரம் 18 என்றால் 43 செ.மீ. வேண்டும், அதாவது தைத்த பின் பக்கம் 61. 'கொஞ்சம் இழுத்துக் கட்டினால் வரும்' என்று 53ஐ வைத்து முயன்றால் முடிச்சு விழாது, விழுந்தாலும் நிற்காது. தட்டையான பெட்டிக்கு வேறு குறுக்கு வழி உண்டு: சதுரத்தின் மூலைவிட்டம் பெட்டியின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு இருந்தால் போதும்.

பழைய பருத்திச் சேலை ஒன்று ரவிக்கைத் துணி நீங்கலாக 5.50 மீட்டர் நீளம், ஏறத்தாழ 1.15 மீட்டர் அகலம். அகலத்தில் இரண்டு, நீளத்தில் பத்து என்று 55 செ.மீ. சதுரம் 20 கிடைக்கும். அகலத்தில் மிஞ்சும் 5 செ.மீ. பட்டையை ஓரத்தில் வெட்டாமல் நடுவிலிருந்து எடுங்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு பக்கம் சேலையின் கரையே விளிம்பாக இருக்கும். நான்கு பக்கமும் தைத்தால் 20 சதுரத்துக்கு 44 மீட்டர் தையல், கரை ஒரு பக்கம் இருந்தால் 33 மீட்டர். நடுப்பட்டை 1.10 மீட்டர் நீளத்தில் ஐந்து கட்டு நாடாவாகும்.

இரண்டாவது சேலையில் முதல் 1.10 மீட்டரில் 55 செ.மீ. சதுரம் 4. அடுத்த 3.80 மீட்டரில் 95 செ.மீ. சதுரம் 4, இவை ஹேம்பருக்கு. கடைசி 60 செ.மீ.யில் இன்னும் இரண்டு 55. 95 சதுரங்களின் ஓரத்தில் 20 செ.மீ. அகலத்தில் மிஞ்சுவதை நான்கு நான்காகக் கிழித்தால் 95 செ.மீ. நாடா 16. முதல் நான்கு சதுரத்தின் நடுவிலிருந்து 1.10 மீட்டர் நாடா ஒன்று. இரண்டு சேலையும் சேர்ந்து சிறிய சதுரம் 26, பெரிய சதுரம் 4, நாடா 22. வேண்டியது போத்தலுக்கு 24, ஹேம்பருக்கு 4, துணிக்கும் பெட்டிக்கும் நாடா 18. ஏதாவது கெட்டுப்போனாலும் மாற்றுக்கு இருக்கிறது.

பருத்தியாக இருந்தால் கத்தரியால் 2 செ.மீ. வெட்டிவிட்டுக் கையால் கிழியுங்கள். நூலோட்டத்திலேயே நேராகக் கிழியும், கோடு போடும் வேலை மிச்சம். பாலியெஸ்டர், ஜார்ஜெட் கிழியாது, வெட்டினாலும் நூல் பிரிந்துகொண்டே இருக்கும். அதைவிட முக்கியம், அவை வழுக்கும். கண்ணாடிப் போத்தலைக் கட்டித் தூக்கினால் முடிச்சு நழுவும். வீட்டில் இருப்பது சிந்தெடிக் சேலைதான் என்றால் நாடாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கனமான பொருளுக்கு வேண்டாம். பட்டுச்சேலையை வெட்டுகிறவர்களிடம் பேசிப் பயனில்லை.

வெட்டும் முன் சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கொசுவம் வரும் இடமும் கால் தட்டும் கீழ்க்கரையும் நைந்திருக்கும். அந்தச் சதுரங்களை எடை இல்லாத கட்டுக்கு ஒதுக்குங்கள். ஈர வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்துச் சாயம் ஒட்டினால் அந்தச் சேலையே வேண்டாம், மழைநாளில் வாங்குபவரின் சட்டையில் இறங்கும்.

நைந்த இடத்தையும் சாயத்தையும் பார்ப்பவர்கள்கூட வாசத்தை மறந்துவிடுகிறார்கள். அலமாரியில் பாச்சை உருண்டையோடு கிடந்த சேலையின் வாசம் மூடி வழியாகப் பலகாரத்தில் ஏறும். துவைத்து இரண்டு நாள் வெயிலில் போட்டும் போகாவிட்டால் பயன்படுத்த வேண்டாம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்குக் கொடுப்பதில் இன்னும் கவனம் வேண்டும். பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீனின் வாசம், ஜி6பிடி என்ற இரத்த நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ஆபத்து, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரும். மலேசியாவில் பிறந்ததும் குழந்தைகளுக்கு இந்தச் சோதனை செய்வது அதனால்தான்.

முடிச்சு: எதிரெதிர் மூலை இரண்டை எடுத்து, வலதை இடதின் மேல் போட்டு ஒரு சுற்று, பிறகு இடதை வலதின் மேல் போட்டு ஒரு சுற்று. இரண்டு முறையும் ஒரே பக்கம் போட்டால் வால் குறுக்காக நிற்கும், தூக்கியதும் கழன்றுவிடும். சரியாக விழுந்த முடிச்சில் வால் இரண்டும் முடிச்சின் இருபுறமும் நேராகப் படுத்திருக்கும். அடுத்த இரண்டு மூலைகளை அதன் மேல் அப்படியே. அவிழ்க்க ஒரு வாலையும் அதன் அடித்துணியையும் எதிர்ப்புறமாக நேர்க்கோட்டில் இழுத்தால் முடிச்சு திரும்பிக்கொண்டு வழுக்கி வரும். பல்லால் கடிக்க வேண்டாம்.

பழைய துணியில் பரிசு கொடுக்கலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள், கேட்பதும் நியாயம். வெள்ளையும் கறுப்பும் விலக்கி, மஞ்சள், சிவப்பு, பச்சைச் சேலையாகத் தேர்ந்து, துவைத்துப் பெட்டி போட்டு, ஒரு மூலையில் மஞ்சள் தொட்டு வைத்தால் பெரும்பாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். அப்படியும் தயங்கும் வீடு என்றால் அடுத்த பகுதியில் சொல்லும் ரவிக்கைத் துணியே அவர்களுக்கு.

புதுத்துணி 10

சேலை கொடுக்கிறவர்கள் அதை ரவிக்கைத் துணியில் கட்டிக் கொடுக்கலாம். 80 செ.மீ. துணிக்குள் மடித்த சேலை தாராளமாக அடங்கும், மேலே 95 செ.மீ. நாடா. வேட்டி சட்டைக்குப் புதுத் துண்டு. கட்டும் துணியே பரிசின் பாகம் என்பதால் குப்பைக்குப் போக ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: ரவிக்கைத் துணியில் முடிச்சும் ஊசியும் வேண்டாம். தைக்கிறவருக்கு முழுத்துணி ஓட்டை இல்லாமல் வேண்டும். மடித்துச் செருகி நாடாவால் கட்டினால் போதும். அந்தத் துணி தைக்கப்படாமலேயே இன்னொரு வீட்டு வெற்றிலை பாக்குத் தட்டில் ஏறி, சுற்றிச் சுற்றி ஒருநாள் நம் வீட்டுக்கே வந்தாலும் வியக்க வேண்டாம், அதுவும் மறுபயன்பாடுதான்.

பெட்டிச் சாமான் 8

இங்கே தாள் பொருந்தும். பெட்டிக்கு எண்ணெயும் இல்லை, ஈரமும் இல்லை. பள்ளிகளில் ஆசிரியர்கள் எழுதிச் சுவரில் ஒட்டும் மாஜோங் தாள் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். புத்தகத்துக்கு அட்டை போடும் பழுப்புத்தாள், பழைய வரைபடம், செய்தித்தாள் எல்லாம் ஆகும். 1924இல் தொடங்கி 2019 ஜனவரியோடு நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழின் பழைய கட்டு யார் வீட்டிலாவது இருந்தால் அதைத் தொடாதீர்கள், அதற்குச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். சாமி படம் போட்ட மாதக் காலண்டர் தாள் அழகாகத்தான் இருக்கும். வாங்குபவர் அதைக் கிழிக்கவும் மாட்டார், எறியவும் மாட்டார். அவருக்கு அது ஒரு பாரம்.

செவ்வகப் பெட்டிக்குத் தாளின் ஒரு பக்கம் = 2 × (அகலம் + உயரம்) + 3 செ.மீ., மறுபக்கம் = நீளம் + உயரத்தில் ஒன்றரை மடங்கு. 25 × 18 × 8 செ.மீ. பெட்டிக்கு 55 × 37. அடி சதுரமாக இருக்கும் பெட்டிக்கு மூலைவாட்டில் வைத்துச் சுற்றினால் தாள் மிச்சமாகும். மேற்பரப்பின் மூலைவிட்டம் + உயரத்தில் ஒன்றரை மடங்கு, அதுதான் சதுரத்தாளின் பக்கம். 18 × 18 × 8 பெட்டிக்கு 37.5 செ.மீ. சதுரம். வழக்கமான முறையில் 55 × 30 ஆகும். 1,650 சதுர செ.மீ.க்குப் பதில் 1,406. நான்கு மூலையும் மேலே நடுவில் சந்திப்பதால் ஒரு நாடா மட்டும் கட்டினால் ஒட்டு நாடாவே தேவைப்படாது.

ஒட்டு நாடாவைத் தவிர்க்கச் சொல்வதில் காரணம் இருக்கிறது. பிளாஸ்டிக் நாடாவும் அதன் பசையும் தாள் ஆலையில் கூழோடு கலந்து பிசுக்காகச் சேரும். ஒட்டியே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தொட்டு ஒட்டும் பழுப்புத்தாள் நாடா தாளோடேயே கரையும். அல்லது தென்னை ஈர்க்கு. தையல் இலை தைக்கிற மாதிரி 4 செ.மீ. துண்டை இரண்டு மடிப்பிலும் குத்தி வாங்கினால் பிடித்துக்கொள்ளும். நுனியை உள்பக்கம் மடக்கிவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் அவிழ்க்கும் பெட்டிக்கு ஈர்க்கே வேண்டாம்.

95 செ.மீ. நாடா இந்தப் பெட்டியை ஒரு சுற்றுதான் சுற்றும். குறுக்கும் நெடுக்கும் கட்ட 1.50 மீட்டராவது வேண்டும், இரண்டு நாடாவை முடிந்துகொள்ள வேண்டியதுதான். நாடா போதாவிட்டால் நாரால் கட்டலாம், அதற்கு வாழைமட்டை எங்கும் கிடைக்கும். காய்ந்த நாரை ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுத்து, ஈரப்பதம் மட்டும் இருக்கும்போது கட்டுங்கள். ஈரம் சொட்டச் சொட்டக் கட்டினால் காய்ந்ததும் நார் ஒல்லியாகி முடிச்சு தளர்ந்துவிடும். காய்ந்தபடியே கட்டினால் முறியும்.

தோட்டப்புறத்தில் தாராளமாகக் கிடைக்கிற இன்னொன்று உரச்சாக்கு. சணல் மாதிரித் தெரிந்தாலும் அது பிளாஸ்டிக் நெசவு. உர, களைக்கொல்லி மிச்சம் இழையில் தங்கியிருக்கும். எத்தனை முறை அலசினாலும் பரிசுப் பக்கம் கொண்டுவராதீர்கள். சிமெண்ட் தாளும் வேண்டாம்.

பண உறை 30

ஊதா நிறத்தில் தீபாவளி அங்பாவ் உறை கடையில் கிடைக்கும், தங்க முலாம் போட்டது. வீட்டில் செய்தால் ஓர் ஏ4 தாளில் இரண்டு வரும், 30க்கு 15 தாள். பாதித் தாளை 21 செ.மீ. அகலமாகப் பிடித்து, வலது ஓரம் 1.5 செ.மீ. பசைக்கு விட்டு, மீதியை நடுவில் மடித்தால் 9.7 செ.மீ. அகல உறை. அடியில் 2, மேலே 2.5 செ.மீ. மடித்தால் உயரம் 10.3. ஒரு மடிப்பு மடித்த நோட்டு எதுவும் இதில் அடங்கும். 1 வெள்ளி, 5 வெள்ளி நோட்டுகள் பாலிமர். மடித்தாலும் எழும்பி மேல்மடிப்பைத் தள்ளும், அவற்றை நன்றாக அழுத்தி மடித்து மேல்மடிப்பை உள்ளே செருகிவிடுங்கள்.

பசைக்கு 2 மேசைக்கரண்டி மைதாவை 50 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இன்னும் 100 மி.லி. சேர்த்து, சிறு தீயில் கிண்டுங்கள். வெள்ளை போய்க் கண்ணாடிபோல் ஆனதும் இறக்கலாம். 30 உறைக்கும் போதும், மிஞ்சவும் செய்யும். மெல்லப் பூசவில்லை என்றால் தாள் நெளியும். நம் காற்றில் இது இரண்டாம் நாளே புளிக்கும், கரப்பானும் வரும். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

ஹேம்பர் 4

கூடையின் விட்டம் 25, அடுக்கிய உயரம் 20 என்றால் நடுவிலிருந்து மூலை வரை 25 + 20 + 14 = 59 செ.மீ. வேண்டும். 95 செ.மீ. சதுரத்தில், விளிம்பு தைத்த பின்னும், 65 இருக்கிறது. கண்ணாடித் தாளுக்கு இருக்கும் ஒரே நியாயம் உள்ளே இருப்பது தெரிய வேண்டும் என்பதுதான். துணியை மூடாமல் கூடைக்கு வெளியிலிருந்து சுற்றி, மூலைகளைக் கைப்பிடியில் கட்டினாலும் எல்லாம் தெரியும். கூடையாக மெங்குவாங் தாழை ஓலையில் முடைந்தது, மூங்கில், அல்லது எவர்சில்வர் தாம்பாளம். அடியில் மெத்தைக்குப் பிளாஸ்டிக் இழை போடாமல் பழுப்புத்தாளைக் கீறிப் போடலாம்.

அலங்காரம்

வாழை இலையைப் பச்சையாக மடித்தால் நரம்போடு கிழியும். தீயில் இரண்டு பக்கமும் வாட்டி, கரும்பச்சையாகிப் பளபளத்ததும் மடிக்கலாம். கட்டிய அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், பூட்டிய காரில் ஒரு மதியம் இருந்தால் வாடி வாசம் வரும். நமுக்கிற பலகாரத்தில் இலை படவே கூடாது. மாவிலை இதைவிடத் தாங்கும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ, நீர்ச் சாயத்தில் தொட்டுப் பழுப்புத்தாளில் குத்தலாம். மஞ்சள் கரைத்துக் குத்தினால் வெயிலில் வெளுக்கும், சோப்பு பட்டால் சிவக்கும். அரிசிமாவால் கோலம் போட்டால் உதிர்ந்துவிடும், அதே மைதாப் பசையில் குழைத்தால் நிற்கும்.

விதைகளில் கவனம் வேண்டும். சாகா மரத்து ஆனைக்குன்றிமணி முழுச் சிவப்பு, அலங்காரத்துக்கு ஆகும். கறுப்புப் புள்ளி உள்ள சின்னக் குன்றிமணி கடும் நஞ்சு, மென்றால் ஒன்றிரண்டே ஆபத்து. ரப்பர் விதையின் பளிங்குக் கோலம் அழகுதான், பச்சையாகத் தின்றால் அதிலும் சயனைடு நஞ்சு இருக்கிறது. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மூன்றையும் விட்டுவிடலாம். ஒரு துண்டு மஞ்சள் கிழங்கோ பட்டையோ நாடாவில் செருகினால் போதும், அது பிறகு அடுப்படிக்குப் போகும்.

நாள் கணக்கு

மூன்று வாரத்துக்கு முன் போத்தல், பெட்டி, சேலை சேர்ப்பது. தையல்காரரிடம் இத்தனை மீட்டர் விளிம்பைக் கொண்டுபோனால் தீபாவளிச் சமயத்தில் திட்டுதான் விழும். இரண்டு வாரத்துக்கு முன் வீட்டு மிஷினில் தைத்துவிடுங்கள். மிஷின் இல்லாவிட்டால் ஒவ்வொரு ஓரத்திலும் நாலைந்து நூலை உருவிக் குஞ்சம் விட்டாலும் அதற்கு மேல் எளிதில் பிரியாது. ஒரு வாரத்துக்கு முன் பண உறை. பெட்டிகளுக்கு நான்கு நாள் இருக்கும்போது தாள். பலகாரம் நிரப்புவது கடைசி இரண்டு நாள். இலை வேலை, பரிசு கொடுக்கும் அன்று காலை.

மோட்டார் சைக்கிளில் போகிறவை எல்லாம் துணிக்கட்டாக இருக்கட்டும், வீட்டுக்கே வந்து வாங்குபவர்களுக்குத் தாள். மாலை ஐந்து மணி மழையில் நனைந்த தாள்கட்டு வாசலிலேயே பிரிந்துவிடும்.

துணியைத் திருப்பித் தர வேண்டுமா என்று வாங்குபவர் குழம்புவார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று பழகிய ஊரில், துணியோடு இன்னொரு பரிசு வைத்துத் தர வேண்டுமோ என்று யோசிப்பார். 'துணி உங்களுக்கே' என்று தமிழிலும் மலாயிலும் எழுதிய சிறு சீட்டை முடிச்சில் செருகிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. போத்தல் திரும்ப வேண்டுமென்றால் அதையும் அதே சீட்டில் எழுதலாம்.

தீபாவளிக்கு மறுநாள் நம் வீட்டுக்கு வந்த கட்டுகளைப் பிரிக்கும்போது மூன்று பெட்டி வையுங்கள். துணியும் நாடாவும் துவைக்கப் போகும். கசக்கினால் கசங்கும் தாள் ஒட்டு நாடாவைக் கிழித்துவிட்டு லாரிக்காரருக்கு. விரிந்து எழும் தாளை அடுத்த ஆண்டுக்கே மடித்து வையுங்கள், இரண்டாம் முறை பயன்பட்டால் அதற்கும் ஒரு கணக்குத் தீர்ந்தது. துவைத்த சதுரங்களை 53, 93 என்று அளவு வாரியாக மடித்து பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியில் அளவையும் எண்ணிக்கையையும் பென்சிலால் எழுதி வைத்தால் அடுத்த தீபாவளிக்கு எந்தச் சேலையை வெட்டலாம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். டின்னில் பாச்சை உருண்டை மட்டும் போடாதீர்கள்.